கீழக்கரை வீட்டு கிராண்ட் பியானோ: 40,000-க்குக் கொடுக்கலாமா?

அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் தாத்தா கொழும்பிலிருந்து கொண்டுவந்த பெக்ஸ்டைன் (ஜெர்மன் பியானோ கம்பெனி) கிராண்ட் பியானோவை பழைய சாமான் வியாபாரி 40,000 ரூபாய்க்குக் கேட்கிறார் என்கிறீர்கள். பெயர் பெரிய பெயர்தான். ஆனால் விலையைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் நிலைமை.

மூடியைத் தூக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். கம்பி சுற்றிய ஆணிகளுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு வரிசை எண் இருக்கும். அதை வைத்துச் செய்த வருஷத்தைப் பிடிக்கலாம். அப்புறம் ஆணிகளில் துரு எவ்வளவு, தடித்த கம்பிகளின் செம்புச் சுற்றில் பச்சை பூத்திருக்கிறதா, அடியில் குனிந்தால் ஒலிப்பலகையில் (ஒலியைப் பெருக்கும் பெரிய மரப்பலகை) விரிசல் தெரிகிறதா, எல்லாவற்றையும் படம் எடுங்கள். நம் ஊர் உப்புக்காற்று ஜன்னல் கிரில்லையே தின்றுவிடும், இது எம்மாத்திரம்! சின்ன விரிசலைச் சமாளிக்கலாம். ஆணிகள் தளர்ந்து சுருதி நிற்கவில்லை என்றால்தான் பெரிய செலவு. அதைச் சொல்ல, பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் நல்ல ட்யூனர் ஒருவர் வேண்டும். சென்னையிலிருந்து வரவழைத்தாலும் அந்தச் செலவு தகும். அதுவரை ஆணிகளை நீங்களே முறுக்கிப் பார்க்காதீர்கள், துருப்பிடித்த கம்பி பட்டென்று அறுந்துவிடும்.

வெள்ளைக் கட்டைகளையும் கவனியுங்கள். கறுப்புக் கட்டையின் நுனிக்கு நேராக மெல்லிய இணைப்புக் கோடு ஓடினால் அது யானைத் தந்தமாக இருக்கலாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் தந்த வியாபாரத்துக்குத் தடை உண்டு. எனவே விற்பதற்கு முன் வனத்துறை அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். வியாபாரி இதை வாயே திறக்க மாட்டார்.