எஸ்போசிட்டோ: இந்தக் குடும்பப் பெயருக்கு என்ன அர்த்தம்?

புதிதாக வந்திருக்கும் இத்தாலிய மேலாளரின் குடும்பப் பெயர் எஸ்போசிட்டோ, அதற்கு என்ன அர்த்தம், அவரிடமே கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வாரா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேலை விஷயமாக ஒன்றரை வருடம் நேப்பிள்ஸில் இருந்தேன். எங்கள் அலுவலகத்தில் மட்டும் மூன்று எஸ்போசிட்டோக்கள். மூவரும் சொந்தக்காரர்களா என்று அப்பாவியாகக் கேட்டுவிட்டேன். மூவரில் மூத்தவர் சிரித்தார். மறுநாள் மதியச் சாப்பாடு முடிந்ததும் என்னை அனுன்சியாத்தா மாதா கோயிலுக்குக் கூட்டிப் போனார்.

கோயிலை ஒட்டிய கட்டடத்தின் சுவரில் ஓர் ஓட்டை. தெருப்பக்கம் அடைத்துவிட்டார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் மர உருளை ஒன்று, நிமிர்த்தி வைத்த பீப்பாய் மாதிரி, ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கிறது. வளர்க்க வழியில்லாத தாய் குழந்தையை அதில் வைத்துச் சுற்றிவிட்டு மணியடிப்பாள். உள்ளே இருப்பவர் எடுத்துக்கொள்வார். யார் முகத்தையும் யாரும் பார்க்க வேண்டியதில்லை. ஓட்டை சின்னது, கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளை எண்ணெய் தடவி உள்ளே திணித்தார்கள் என்று ஊரில் ஒரு கதை சொல்வார்கள்.

அப்படி வந்த குழந்தையின் கழுத்தில் ஈய வில்லை ஒன்றைக் கட்டுவார்கள். வந்த விவரத்தைப் பதிவேட்டில் எழுதுவார்கள். சரி, குடும்பப் பெயர்? அப்பா பெயர் தெரியாது. அங்கேதான் ‘எஸ்போசிட்டோ’ வந்து உட்கார்ந்தது. லத்தீனில் ‘எக்ஸ்போசிட்டுஸ்’ என்றால் வெளியே வைக்கப்பட்டவர் என்று பொருள். அதாவது, பெயர் தெரியாததையே பெயராக வைத்துவிட்டார்கள்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நேப்பிள்ஸை ஆண்ட யோவாக்கிம் மூரா (நெப்போலியனின் தங்கை கணவர்) காலத்தில் இந்தப் பெயரை வைப்பதை நிறுத்தினார்கள். பெயரைச் சொன்னாலே பிறப்பு தெரிந்துவிடுகிறதே! அதற்குப் பிறகு வந்த குழந்தைகளுக்கு ஆளுக்கொரு பெயரைப் புதிதாகக் கற்பித்து வைத்தார்கள். உருளையையே 1875இல் மூடினார்கள். ஆனால் அதற்குள் எஸ்போசிட்டோ பல தலைமுறை பரவிவிட்டது. இன்றைக்கு நேப்பிள்ஸில் மிகச் சாதாரணமான குடும்பப் பெயர் அதுதான்.

மற்ற ஊர்களும் சும்மா இருக்கவில்லை. ஃபிளாரன்ஸில் இன்னொசென்ட்டி, ‘மாசற்றவர்கள்’. கட்டடக் கலைஞர் புருனெலெஸ்கி வடிவமைத்த இன்னொசென்ட்டி இல்லம் முதல் குழந்தையை ஏற்றது 1445இல். அங்கே தாய்மார்கள் பாதியாக வெட்டிய பதக்கத்தைக் குழந்தையோடு விட்டுப் போவதுண்டு. திரும்பி வந்தால் தன்னிடமுள்ள மறுபாதியைப் பொருத்திக் காட்டலாம் என்ற நம்பிக்கை. அந்த அரைப் பதக்கங்கள் இன்றும் அங்குள்ள காட்சியகத்தில் இருக்கின்றன. மறுபாதி வரவே இல்லை. ரோமில் புரோயெத்தி, ‘எறியப்பட்டவர்கள்’. என்னைக் கேட்டால் இருப்பதிலேயே கொடூரமான பெயர் இதுதான். நேப்பிள்ஸ்காரர்கள் பரவாயில்லை, இந்தக் குழந்தைகளை ‘மாதாவின் பிள்ளைகள்’ என்றுதான் அழைத்தார்கள்.

இணையத்தில் எஸ்போசிட்டோ வம்சச் சின்னம் அச்சடித்த காபிக் கோப்பை விற்கிறார்கள், பார்த்தீர்களா? இந்தப் பெயருக்கு ஒரே வம்சம் எங்கிருந்து வரும்? எங்கள் அலுவலகப் பெரியவருக்கு அதைக் காட்டினேன். தனக்கு ஒன்று வேண்டும் என்றார்.

தாராளமாகக் கேளுங்கள். நான் பழகிய எஸ்போசிட்டோக்களில் இதைச் சொல்லக் கூச்சப்பட்டவர் யாரும் இல்லை. அவர்களுக்கு எரிச்சல் வருவது உச்சரிப்பில்தான். அமெரிக்கர்கள் மாதிரி ‘சி’யை இழுக்காதீர்கள். ‘போ’வில் அழுத்தம் கொடுத்து மீதியைச் சட்டென்று முடித்துவிடுங்கள்.