நகரத்து மரங்களும் பாலக்காட்டு வெயிலும்: கேள்வி பதில்

பாலக்காடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வாளையார் வட்டாரத் தமிழர்கள் நகரத்தில் மரம் நடுவது குறித்து அனுப்பியிருந்த கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறேன்.

கேள்வி (குடியிருப்போர் சங்கச் செயலாளர், சித்தூர்): எங்கள் சங்கம் ஆயிரம் கன்றுகள் நடவிருக்கிறது. இதனால் காற்றிலுள்ள கரியமில வாயு எவ்வளவு குறையும் ஐயா?

பதில்: குறையும், ஆனால் மிகக் கொஞ்சமே. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரி, அதாவது கார்பன். ஒரு கிலோ கரியைத் தன்னுள் சேர்க்க மரம் சுமார் 3.67 கிலோ கரியமில வாயுவை இழுத்துக்கொள்கிறது. அப்படியானால், உலர் எடையில் அரை டன் அளவுக்கு வளர்ந்த ஒரு மரம் அதுவரை இழுத்திருப்பது ஏறத்தாழ 900 கிலோ கரியமில வாயு. ஒரு கார் 400 லிட்டர் பெட்ரோலை எரித்தால் அவ்வளவும் திரும்பக் காற்றில் கலந்துவிடும். ஆகவே, மரம் நடுவதைக் காட்டி எரிபொருளைக் குறைக்காமல் இருந்துவிட முடியாது.

நகரத்து மரம் நமக்குச் செய்யும் பெரிய உதவி வெப்பத்தைத் தணிப்பதுதான். 2016 ஏப்ரலில் பாலக்காட்டில் 41.9 டிகிரி பதிவானது. புவி சூடேறச் சூடேற இத்தகைய நாட்கள் பெருகும். தார்ச்சாலையும் சுவரும் வெயிலில் காயாமல் மரநிழல் காக்கிறது. அதோடு, இலைவழியே ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 0.68 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பத்தை அது சுற்றுப்புறத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. எனவே எத்தனை கன்று என்பதைவிட எந்த இடத்தில் என்பதே என்னைப் பொறுத்தவரை முதல் கேள்வி.

கேள்வி (ஆசிரியை, கொழிஞ்சாம்பாறை): அப்படியானால் எங்கே நட வேண்டும்?

பதில்: மக்கள் வெயிலில் நின்றே ஆக வேண்டிய இடங்களில் நடுங்கள் அம்மா: பேருந்து நிறுத்தம், ரேஷன் கடை வாசல், பள்ளிக்கு நடந்து வரும் சாலை. கட்டடமாக இருந்தால் மேற்குப் பக்கத்துக்கே முதலிடம், ஏனெனில் பிற்பகல் வெயில்தான் சுவரை மிகுதியாகச் சூடேற்றுகிறது.

கேள்வி (வணிகர், பாலக்காடு): விரைவாக வளரும் மரங்களை வைக்கலாமா?

பதில்: வேண்டாம் என்பேன். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது விழுந்தவற்றில் குல்மொஹர், இயல்வாகை போன்ற விரைவாக வளரும் வெளிநாட்டு மரங்கள் ஏராளம். நம் பகுதியிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்று சாதாரணமானதன்று. சாலையோரத்துக்குப் புங்கம், வேம்பு, பூவரசு, மகிழம் ஆகியவை தகும். புங்கம் இலையுதிர்த்தாலும் கடும் கோடைக்கு முன்பே தளிர்த்து நிழல் தந்துவிடும். ஆலும் அரசும் குளக்கரைக்கே உரியவை, மதிலருகே வேண்டாம்.

கேள்வி (கல்லூரி மாணவர், வாளையார்): மியாவாக்கி காடு வைத்தால் போதாதா?

பதில்: ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி வகுத்த அம்முறையில் ஒரு சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்றுகள் நெருக்கமாக நடப்படுகின்றன. பயனற்றுக் கிடக்கும் நிலத்தில் அது பறவைக்கும் பூச்சிக்கும் நல்ல புகலிடம். ஆனால் வேலிக்குள் இருக்கும் காடு சாலையில் நடப்பவருக்கு நிழல் தராது.

கேள்வி (இல்லத்தரசி, சித்தூர்): ஆண்டுதோறும் நடுகிறோம், கோடையில் காய்ந்துவிடுகின்றன. என்ன செய்வது?

பதில்: இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. ஜூன் தொடக்கத்தில், மழை மண்ணில் இறங்கியதும் நடுங்கள். பையைப் பிளேடால் கீறிக் கழற்றியதும் அடிவேரைப் பாருங்கள். அது வட்டமாகச் சுருண்டிருந்தால் சுருண்ட பகுதியை வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் மரம் பெரிதான பின்னும் பிடிப்பின்றிச் சாயும். குழியின் அடியில் தேங்காய் மட்டைகளை நார்ப்பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கினால் அவை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தண்டு பையில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் இருக்கட்டும், ஆழப் புதைத்தால் அழுகும். டிசம்பரில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசத் தொடங்கும். அப்போதே நீர் ஊற்றத் தொடங்கி அடுத்த மழை வரை விடாமல் ஊற்ற வேண்டும். மூன்று கோடைகளுக்கு இப்படிப் பார்த்துக்கொள்ள ஆளும் தண்ணீரும் நூறு கன்றுக்குத்தான் உண்டு என்றால், சங்கம் ஆயிரத்தை விட்டு நூறே நடட்டும்.

கேள்வி (ஆட்டோ ஓட்டுநர், பாலக்காடு): எங்கள் ஸ்டாண்டு மரம் நன்றாக இருந்து இப்போது பட்டுக்கொண்டே வருகிறது. ஏன்?

பதில்: தூரைச் சுற்றிச் சிமெண்ட் பூசியிருக்கிறார்களா என்று பாருங்கள். வேருக்குக் காற்றும் நீரும் போகாவிட்டால் மரம் நுனியிலிருந்து காய்ந்து வரும். தூரைச் சுற்றி ஒரு மீட்டராவது மண் தெரியும்படி உடைத்தெடுக்கச் சொல்லி நகராட்சிக்கு எழுதுங்கள். இரும்பு வேலி இன்னும் தண்டை இறுக்கிக்கொண்டிருந்தால் அதையும் அறுத்து எடுக்க வேண்டும்.