ஸ்வாரெஸ் ஆடவில்லை, சரி. மெக்பிரைட் ஆடினாரா?

கேள்வி: 1967-ல் ஸ்காட்லாந்தின் செல்டிக் கிளப் ஐரோப்பியக் கோப்பையை வென்றதை இன்னமும் காவியம் போலப் பேசுகிறார்கள். அவர்களுடையது சின்ன லீக். இறுதி ஆட்டத்தில் இன்டர் மிலானின் லூயிஸ் ஸ்வாரெஸ் காயத்தால் ஆடவும் இல்லை. அதிர்ஷ்டம் அடித்தது, அவ்வளவுதானே?
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: இல்லை. ஸ்வாரெஸ் ஆடாதது இன்டருக்குப் பெரிய இழப்பு, மறுக்கவில்லை. (இளைய வாசகர்களுக்கு: இவர் உருகுவே நாட்டு ஸ்வாரெஸ் அல்ல, 1960-ல் ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான பாலன் தோர் விருது வாங்கிய ஸ்பானியர்.) ஆனால் நீங்கள் பாதிக் கணக்குதான் போட்டிருக்கிறீர்கள். செல்டிக்கில் ஜோ மெக்பிரைட் என்று ஒருவர் இருந்தார். அந்த சீசனில் கிறிஸ்துமஸுக்குள் 35 கோல் போட்டுவிட்டார். டிசம்பர் 24 அன்று அபர்டீனில் முழங்கால் போனது, சீசனும் அதோடு போனது. இறுதி ஆட்டம் நடந்த லிஸ்பனில் அவரும்தான் ஆடவில்லை. அதை யாரும் சொல்வதில்லை.

அந்த டிசம்பரில்தான் மேனேஜர் ஜாக் ஸ்டீன் 30,000 பவுண்டு கொடுத்து ஹார்ட்ஸ் அணியிலிருந்து வில்லி வாலஸை வாங்கியிருந்தார். ஏப்ரலில் ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியில் அபர்டீனை 2-0 என்று வென்றபோது இரண்டு கோலும் வாலஸ் போட்டவை. காயம் வரும் முன்பே ஆளைப் பார்த்து வைத்தவரின் வேலையை அதிர்ஷ்டம் என்று எப்படிச் சொல்வது?

அப்புறம், ‘சின்ன லீக்’. 34 லீக் ஆட்டங்களில் செல்டிக் தோற்றது இரண்டே இரண்டு. இரண்டுமே டண்டீ யுனைடெட்டிடம். அதே டண்டீ யுனைடெட் அந்த சீசனில் ஃபேர்ஸ் கோப்பை என்ற இன்னொரு ஐரோப்பியப் போட்டியில் பார்சிலோனாவை அதன் ஊரிலும் தன் ஊரிலும் தோற்கடித்து வெளியே அனுப்பியது. அதே லீக்கின் ரேஞ்சர்ஸ், மற்றொரு ஐரோப்பியப் போட்டியான கப் வின்னர்ஸ் கோப்பையின் இறுதிவரை போனது. ஏப்ரல் 15 அன்று, உலகக் கோப்பையைக் கையில் வைத்திருந்த இங்கிலாந்தை வெம்ப்ளியிலேயே 3-2 என்று ஸ்காட்லாந்து வென்றது. அந்த அணியில் நான்கு பேர் செல்டிக்காரர்கள். அதில் கோல்கீப்பர் ரானி சிம்சனுக்கு அதுதான் முதல் சர்வதேச ஆட்டம், வயது 36. இதைச் சின்ன லீக் என்றால் பெரிய லீக் எது?

ஐரோப்பியக் கோப்பையில் ஜூரிக், நாண்ட் இரண்டையும் பெரிய சிரமம் இல்லாமல் தாண்டினார்கள். கால் இறுதியில்தான் கழுத்துக்குக் கத்தி வந்தது. யூகோஸ்லாவியாவின் வொய்வோதினா தன் மைதானத்தில் 1-0 என்று ஜெயித்துவிட்டு கிளாஸ்கோ வந்தது. இரண்டாம் பாதியில் சால்மர்ஸ் ஒன்று போட்டு மொத்தக் கணக்கைச் சமன் செய்தார். கடைசி நிமிஷம் வந்துவிட்டது. வலது பக்கம் ஒரு கார்னர். சார்லி கல்லகர் தூக்கி அடிக்க, கேப்டன் பில்லி மெக்நீல் கூட்டத்துக்கு மேலே எழும்பித் தலையால் முட்டி உள்ளே தள்ளினார். அந்த கோல் விழாமல் இருந்தால் இன்னொரு ஆட்டம் ஆட வேண்டி வந்திருக்கும். அரையிறுதியில் டுக்லா ப்ராக் அணியையும் தாண்டினார்கள்.

மே 6, லீக் பட்டம் கைக்கு வர ஒரு புள்ளி வேண்டும். ஆட்டம் ஐப்ராக்ஸில், ரேஞ்சர்ஸின் சொந்த மைதானத்தில். மழையில் சேறாகிக் கிடந்த தரையில் 2-2. செல்டிக்கின் இரண்டு கோலும் குட்டை மனிதர் ஜிம்மி ஜான்ஸ்டன் போட்டவை. இரண்டாவது, தூரத்திலிருந்து இடது காலால் அடித்தது. அதைப் பார்க்க இன்டரின் பயிற்சியாளர் எலெனியோ ஹெரேராவும் வந்திருந்தார். லீக் கோப்பை, கிளாஸ்கோ கோப்பை எல்லாம் ஏற்கெனவே வீட்டில். மே 25-ன் ஐரோப்பியக் கோப்பை இறுதி மட்டும் பாக்கி.

லிஸ்பனில் ஏழாவது நிமிஷம் பெனால்டி. இன்டரின் மட்ஸோலா போட்டார், 0-1. முன்னிலை பெற்றதும் கதவைச் சாத்திக்கொள்வதுதான் இன்டரின் ‘கட்டனாச்சியோ’. கதவைத் தட்டுவது எப்படி என்று ஸ்டீன் யோசித்து வைத்திருந்தார். ஜான்ஸ்டன் நடுப்பக்கம் நகர்ந்தால் அவரை ஒட்டிக்கொண்டே இன்டரின் தடுப்பாளர் புர்ஞிச்சும் நகர வேண்டும். அந்தக் காலி இடத்தில் செல்டிக்கின் ஃபுல்பேக்குகள், அதாவது இரண்டு ஓரங்களிலும் நிற்கும் தடுப்பாளர்கள், ஏற வேண்டும். செல்டிக் அடித்த பந்து இரண்டு முறை மேல்கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கோல்கீப்பர் சார்த்தி ஒன்று மாற்றி ஒன்றாகப் பாய்ந்து தடுத்துக்கொண்டே இருந்தார். அதிர்ஷ்டம் என்ற பேச்சே வேண்டுமென்றால், அன்றைக்கு ஒரு மணி நேரம் அது இன்டர் பக்கம்தான் நின்றது.

63-வது நிமிஷம். இரண்டு ஃபுல்பேக்கில் ஒருவர்தான் ஏறலாம், மற்றவர் பின்னால் நிற்க வேண்டும் என்பது ஸ்டீனின் கட்டளை. இருவருமே ஏறியிருந்தார்கள். கிரெய்க் பந்தைக் குறுக்கே தள்ள, ஓடி வந்த ஜெம்மல் பாக்ஸுக்கு வெளியிலிருந்து வலது காலால் விட்டார். சார்த்தியால் எதுவும் செய்ய முடியவில்லை. ஆட்டம் முடிய ஆறேழு நிமிஷம் இருக்கையில் மர்டாக் அடித்த பந்தைச் சால்மர்ஸ் காலால் லேசாகத் திருப்பிவிட, 2-1.

இன்டர் களைத்திருந்தது என்று எழுதியிருந்தீர்களானால் கொஞ்சம் ஒப்புக்கொண்டிருப்பேன். அரையிறுதியில் சி.எஸ்.கே.ஏ. சோஃபியாவோடு மூன்று ஆட்டம் ஆட வேண்டியிருந்தது. லிஸ்பனுக்கு ஒரு வாரம் கழித்து மான்டோவாவில் தோற்று இத்தாலிய லீக்கையும் கோட்டைவிட்டார்கள். ஆனாலும் அரையிறுதிக்கு முந்தைய சுற்றில் நடப்புச் சாம்பியன் ரியல் மாட்ரிட்டை இரண்டு ஆட்டத்திலும் அடித்த அணி இது. செல்டிக்கும் அந்த சீசனில் இறங்கிய எல்லாப் போட்டியையும் கடைசிவரை ஆடிவிட்டுத்தான் லிஸ்பனுக்கு வந்தது.

அந்தப் பதினொரு பேரும் செல்டிக் பார்க்கிலிருந்து முப்பது மைலுக்குள் பிறந்தவர்கள். அவர்களில் சிலருக்குப் பல்செட். ஆடும்போது கழற்றி, சிம்சனின் தொப்பியில் போட்டு வலைக்குள் ஓரமாக வைத்திருந்தார்கள், கோப்பையோடு போட்டோ எடுக்கும்போது முகம் நன்றாகத் தெரிய வேண்டும் என்று. விசில் ஊதியதும் கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. பாபி லெனாக்ஸ் எதிர்த்திசையில் ஓடினார், அந்தத் தொப்பியை எடுக்க.