வீட்டு மீட்டரிலிருந்து கொட்டகைக்கு ஒயர்: நோட்டீஸ் வந்தால் என்ன செய்வது?

கேள்வி: எங்கள் வீட்டுக்குப் பின்னால் பழைய மாட்டுக் கொட்டகை இருக்கிறது. மாடுகளை விற்ற பிறகு அதைச் சுத்தம் செய்து, நான்கு மாதங்களாக மோட்டார் வைத்த மூன்று தையல் இயந்திரங்களை அங்கே ஓட்டிவருகிறேன். மின்சாரத்துக்கு வீட்டு மீட்டரிலிருந்து ஒயர் இழுத்தோம். சென்ற வாரம் மின்வாரியத்தினர் வந்து பார்த்துவிட்டு, 12 மாதங்களுக்கு இரு மடங்குக் கட்டணம் போட்டு நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள். ஓடிய யூனிட் எல்லாமே மீட்டரில் பதிவானவைதான். பில்லும் தவறாமல் கட்டியிருக்கிறோம். இது எப்படித் திருட்டாகும்? சிவில் கோர்ட்டில் தடை வாங்கிவிடலாம் என்கிறார் மாமனார். நோட்டீஸின் நகலையும் கொட்டகையின் படத்தையும் இணைத்திருக்கிறேன். - ஈரோடு மாவட்ட வாசகி

பதில்: உங்களைத் திருடி என்று யாரும் சொல்லவில்லை. நோட்டீஸை மறுபடி படியுங்கள். அது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவில் வந்திருக்கிறது. திருட்டுக்கு உரியது 135-வது பிரிவு. மீட்டருக்கு முன்பே கம்பியில் கொக்கி போடுவது, மீட்டரைத் திருத்துவது போன்றவை அதில் அடங்கும். 126 என்பது அனுமதிக்கப்படாத பயன்பாடு. வீட்டுக்கென்று வாங்கிய இணைப்பில் தொழில் நடத்துவது இதன்கீழ் வரும். இதற்குக் கெட்ட எண்ணம் இருந்ததா என்ற கேள்வியே எழாது என்று சீதாராம் ரைஸ் மில் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே "பில் கட்டினோமே" என்ற வாதம் திருட்டுக் குற்றச்சாட்டுக்குப் பதிலாகுமே தவிர, இந்த நோட்டீஸுக்குப் பதிலாகாது.

சட்டம் குறை காண்பது ஒயரை அல்ல, அதன் முனையில் நடக்கும் வேலையை. அதே கொட்டகையில் மாடுகள் நின்று, அவற்றுக்கு ஒரு விளக்கும் மின்விசிறியும் இருந்திருந்தால் இந்த நோட்டீஸ் வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கொட்டகை உங்கள் காம்பவுண்டுக்குள், அதே கதவு எண்ணில் இருப்பதால் 'வேறு இடத்துக்கு மின்சாரம் கொண்டுபோனார்கள்' என்ற குற்றச்சாட்டுக்கும் இடமில்லை. சந்துக்கு அப்பால் கொழுந்தனார் மனையில் இருந்திருந்தால் அதுவும் சேர்ந்திருக்கும். கைத்தறி நெசவாளர்களுக்கு வீட்டிலும் தறிக் கொட்டகையிலும் வீட்டுக் கட்டணமே போதும் என்ற சலுகை உண்டு. தையலுக்கு அது இல்லை. ஏன் இல்லை என்று என்னைக் கேட்டால் என்னிடம் நியாயமான பதில் கிடையாது.

மாமனாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: 126-வது பிரிவு மதிப்பீட்டில் சிவில் நீதிமன்றம் தலையிட முடியாதபடி 145-வது பிரிவு கதவை அடைத்துவிட்டது. நுகர்வோர் நீதிமன்றமும் இதை விசாரிக்க முடியாது என்று அனீஸ் அகமது வழக்கில் 2013-ல் தீர்ப்பாகிவிட்டது. வக்கீல் கட்டணம்தான் வீணாகும்.

உங்கள் கையில் இருப்பது தற்காலிக மதிப்பீடு மட்டுமே. அதற்கு மதிப்பீட்டு அலுவலரிடம் எழுத்து மூலம் ஆட்சேபணை கொடுக்கலாம். அவர் உங்களை நேரில் விசாரித்து, நோட்டீஸ் உங்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் இறுதி உத்தரவு போட வேண்டும். ஏழு நாட்களுக்குள் பணத்தைக் கட்டி முடித்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. ஆனால் நீங்கள் சம்மதித்து வாங்கும் இறுதி உத்தரவுக்கு மேல்முறையீடு கிடையாது. உங்கள் கணக்கில் குறைக்க இடமிருக்கும்போது அந்த அவசரம் தேவையில்லை.

முதல் இடம், அந்த 12 மாதங்கள். முறைகேடான பயன்பாடு நடந்த காலம் முழுவதற்கும் மதிப்பிட வேண்டும், காலத்தை அறிய முடியாவிட்டால் மட்டுமே ஆய்வு நாளுக்கு முந்தைய 12 மாதங்கள் என்பது சட்டம். உங்களால் காலத்தைக் காட்ட முடியும். இயந்திரங்கள் வாங்கிய ஜி.எஸ்.டி. ரசீது, கடைசி மாட்டை விற்றதற்கான எழுத்து, முதல் ஆர்டரின் பில் ஆகியவற்றை இணையுங்கள். மின்கணக்கீட்டு அட்டையில் இரண்டு மாதங்களுக்கொரு முறை பதிந்த யூனிட் எந்தக் கணக்கெடுப்பில் ஏறியது என்பதையும் காட்டுங்கள். இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

அடுத்தது, எந்தக் கட்டணத்தின் இரு மடங்கு என்பது. உங்கள் நோட்டீஸில் கடைகளுக்கான 5-ஆம் வகை போடப்பட்டிருக்கிறது. துணி தைத்து உற்பத்தி செய்யும் குறுந்தொழில் என்று உத்யம் பதிவு (சிறு, குறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இருந்தால், கட்டணம் குறைவான 3-ஏ(1) வகையில்தான் மதிப்பிட வேண்டும் என்று கேளுங்கள். வீட்டு ஃபிரிட்ஜும் கிரைண்டரும் தின்ற யூனிட்டையும் தொழில் கணக்கில் சேர்த்தது ஏன், ஏற்கெனவே கட்டிய தொகையைக் கழித்தார்களா என்றும் கேளுங்கள். ஆய்வின்போது எழுதிய மகஜரின் நகலையும் கேட்டு வாங்குங்கள்.

ஆட்சேபணையில் "தெரிந்தேதான் செய்தோம், எல்லோரும் செய்கிறார்கள்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 2007 திருத்தத்துக்குப் பிறகு, நேர்மையற்ற எண்ணத்துடன் வேறு நோக்கத்துக்கு மின்சாரத்தைப் பயன்படுத்துவதும் 135-க்குள் வந்துவிட்டது. அப்படியொரு எண்ணம் இருந்ததாக நீங்களே கைப்பட எழுதிக் கொடுக்க வேண்டாம்.

இறுதி உத்தரவு திருப்தியாக இல்லையென்றால், 127-வது பிரிவில் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். மதிப்பிட்ட தொகையில் பாதியைக் கட்டிய பிறகே அது ஏற்கப்படும். எதுவும் செய்யாமல் இருந்தால், 30 நாட்களுக்குப் பிறகு ஆண்டுக்கு 16 சதவீத வட்டி, ஆறு மாதங்களுக்கொரு முறை கூட்டு வட்டியாக ஏறும்.

இனி தொழில் நடக்க வேண்டுமே. கொட்டகைக்குத் தனி இணைப்பு கேளுங்கள். ஒரே கதவு எண்ணில் இரண்டாவது சர்வீஸ் வேண்டுமானால், இரண்டு பகுதிகளும் கட்டுமானத்திலும் மின்சாரத்திலும் நிரந்தரமாகப் பிரிந்திருக்க வேண்டும் என்பது விதி. நடுவில் சுவரும், கொட்டகைக்கு தனி வாசலும் இருந்தால் பேச்சுக்கு இடமிருக்காது. வீட்டு இணைப்பையே தொழில் கட்டணத்துக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வீட்டுக்கு வரும் 100 இலவச யூனிட் போய்விடும். நாளை கொட்டகையை வாடகைக்கு விட்டால், குடியிருப்பவரே 43-வது பிரிவின்படி தன் பெயரில் விண்ணப்பிக்கலாம்.

அந்தப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நடுவில் இன்சுலேஷன் டேப் சுற்றி ஒட்டுப்போட்ட ஒயர், கயிற்றால் முருங்கை மரத்தில் கட்டப்பட்டு, துணி காயப்போடும் கம்பிக்கு ஒரு சாண் மேலே போகிறது. முருங்கை ஒரு காற்றுக்கே ஒடிகிற மரம். தைக்க வரும் பெண்ணுக்கு ஏதாவது நேர்ந்தால், பாரதிய நியாய சன்ஹிதா 106-வது பிரிவின்படி அலட்சியத்தால் மரணம் விளைவித்ததாக ஐந்து ஆண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய வழக்கு வரும். அதற்கு முன் இந்த இரட்டைக் கட்டணமெல்லாம் ஒன்றுமே இல்லை. புதிய ஒயரிங்கை உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரிடம் கொடுங்கள். கொட்டகைக்குத் தனி எர்த்தும், மின்கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.டி. என்ற பாதுகாப்புக் கருவியும் கட்டாயம் போடச் சொல்லுங்கள்.

பழைய ஒயரை இன்றே இரு முனையிலும் கழற்றி, பயன்பாட்டை நிறுத்திவிட்டதாகத் தேதியுடன் ஆட்சேபணையில் எழுதுங்கள். அது தொங்கிக்கொண்டிருக்கும் வரை 'மின்சாரத்தில் பிரிந்த பகுதி' என்று உங்கள் கொட்டகையை யாரும் ஏற்கமாட்டார்கள்; தனி இணைப்புக்கான விண்ணப்பமும் நகராது.