கார்டு தாத்தா பதில்கள்: ராயபுரத்துக்கு ஓர் அக்கா

(தண்டையார்பேட்டை யார்டில் கூட்ஸ் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், வாசகர்களின் ரயில் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: இந்தியாவில் இன்றும் நிற்கிற ஸ்டேஷன் கட்டடங்களில் ராயபுரம்தான் பழையது என்று பேரனுக்குச் சொன்னேன். ‘இங்கிலாந்தில் இதைவிடப் பழசு இருக்கா?’ என்று கேட்கிறான். என்ன சொல்வது?
– வாசகி, காசிமேடு

பதில்: இருக்கிறதம்மா. அந்தச் சுவரை நான் தொட்டே பார்த்திருக்கிறேன். என் மகள் மான்செஸ்டரில் இருக்கிறாள். 2018-ல் போயிருந்தபோது, ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்றவளிடம், முதலில் லிவர்பூல் ரோடு ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போ என்றேன். 1830 செப்டம்பர் 15-ல் லிவர்பூல்–மான்செஸ்டர் பாதை திறந்தபோது, மான்செஸ்டர் பக்கத்துக் கடைசி ஸ்டேஷன் அதுதான். நம் ராயபுரத்தில் ஆற்காட்டுக்கு, அதாவது இன்றைய வாலாஜா ரோடுக்கு, சேவை தொடங்கியது 1856 ஜூலை 1-ல். ஆக, 26 வயது மூத்த அக்கா.

பார்க்க ஸ்டேஷன் மாதிரியே இல்லை, தெருவோரத்து மாடி வீடு போல இருக்கிறது. நம் ராயபுரத்துத் தூண்களின் கம்பீரம் அதற்குக் கிடையாது. ஸ்டேஷன் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்? முதல் வகுப்புக்கு ஒரு வாசல், இரண்டாம் வகுப்புக்கு வேறு வாசல். தண்டவாளம் மாடி உயரத்தில் இருப்பதால், டிக்கெட் வாங்கிக்கொண்டு படியேற வேண்டும். பாதை வேறு ஸ்டேஷனுக்கு நீண்டதும் 1844-லேயே பயணிகள் ரயில் நின்றுபோனது. அப்புறம் 1975 வரை சரக்கு மட்டும்தான். முப்பது வருஷம் கூட்ஸ் வண்டியின் பிரேக் வேனில், அதாவது கடைசியில் கார்டு உட்காரும் பெட்டியில், கழித்தவன் நான். 130 வருஷத்துக்கு மேல் மூட்டை முடிச்சுக்காகவே உழைத்த அந்த இடத்தை விட்டு வர மனசே இல்லை. மகள்தான் இழுத்துக்கொண்டு வந்தாள்.

இப்போது அது அருங்காட்சியகம். ஆனால் ராயபுரத்தில் இன்றும் மின்சார ரயில் நிற்கிறது. பேரனைக் கூட்டிப்போய் அங்கேயே ஒரு டிக்கெட் எடுத்து ஏற்றிவிடுங்கள். அக்காவிடம் இல்லாத பெருமை அது.

கேள்வி: நஷ்டம் என்று சொல்லி பிரிட்டனில் ஸ்டேஷன்களையே மூடினார்களாமே? அந்த இடங்கள் என்ன ஆயின?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: லாரியும் காரும் பெருகி ரயில் நஷ்டத்தில் ஓடிய காலம். பிரிட்டிஷ் ரயில்வே வாரியத் தலைவர் ரிச்சர்ட் பீச்சிங் என்பவர் 1963 மார்ச்சில் ஓர் அறிக்கை கொடுத்தார். 2,363 ஸ்டேஷன்களையும் சுமார் 5,000 மைல் பாதையையும் மூடலாம் என்றது அது. எல்லாம் மூடப்படவில்லை, ஆனாலும் பெரும்பாலானவை போயின. எனக்கு இதில் கோபம் உண்டு. கொருக்குப்பேட்டையில் ஏறுகிறவர்தானே சென்ட்ரலில் இறங்கி கோவை வண்டி பிடிக்கிறார்? கிளைப் பாதையைத் தனியாக நிறுத்திக் கணக்கு பார்த்தால், அது நஷ்டமாகத்தான் தெரியும்.

டெர்பிஷையரில் 1968-ல் மூடிய பாதை ஒன்று இன்று மான்சல் டிரெயில் என்கிற நடைபாதை. அதன் சுரங்கப்பாதைகளை 2011-ல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். மருமகனோடு நடந்தேன். அவர் நடுவில் நடந்தார். தண்டவாளத்துக்கு நடுவே நடக்கக் கூடாது என்று பழகிய என் கால், ஓரத்துக்கே ஒதுங்கியது. சைக்கிளில் பிள்ளைகள் கூவிக்கொண்டு போனார்கள். பாழாய்க் கிடப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

அதைவிடச் சந்தோஷமான சேதி ஸ்காட்லாந்தில். எடின்பரோவிலிருந்து தெற்கே போன பாதையை 1969-ல் மூடினார்கள். அதில் சுமார் 30 மைலை மறுபடி போட்டு, 2015 செப்டம்பரில் ரயில் விட்டார்கள். அதற்குள் புறவழிச்சாலை பழைய தடத்தை வெட்டிக்கொண்டு போயிருந்தது, அந்த இடத்தில் பாதையைத் திருப்பிக் கொண்டுபோக வேண்டியிருந்தது. மூடுவது சுலபம், திறக்க 46 வருஷம் ஆயிற்று.

கேள்வி: இங்கிலாந்து ரயில் இன்ஜின் நம் ஊர் தண்டவாளத்தில் ஓடுமா தாத்தா?
– ஏழாம் வகுப்பு மாணவி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: ஓடாது கண்ணு. அங்கே இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 4 அடி 8½ அங்குலம், நம் அகலப் பாதையில் 5 அடி 6 அங்குலம். ஏறக்குறைய 24 சென்டிமீட்டர் வித்தியாசம். அப்பாவிடம் டேப் வாங்கி, மொட்டை மாடியில் சாக்பீஸால் இரண்டு அளவையும் கோடு போட்டுப் பார். லைனில் இறங்கி மட்டும் அளக்கக் கூடாது, சரியா?