புகை வாசனை விஸ்கி: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: லஃப்ராய்க் 10 திறந்தேன் அண்ணா. ஆஸ்பத்திரிக்குள்ள நுழைஞ்ச மாதிரி டிஞ்சர் வாடை. போலிச் சரக்கா?

பதில்: இல்லை தம்பி, அதன் குணமே அதுதான். அது ஸ்காட்லாந்தின் ஐலா தீவு விஸ்கி. அங்கே மரங்கள் குறைவு. சதுப்பில் பாசியும் புதரும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மக்கி இறுகிய மண்தான் பீட். அதை வெட்டிக் காயவைத்து எரித்து, முளைகட்டிய பார்லியை உலர்த்துவார்கள். புகையிலுள்ள ஃபீனால்கள் தானியத்தில் ஏறிவிடும். கிரெசால் மருந்து வாடை தரும், குவையகால் புகை வாடை தரும்.

கேள்வி: சோடாவா, ஐஸா, ராவாவா?

பதில்: முதல் தடவை சோடாவும் ஐஸும் வேண்டாம், ராவாகவே தொடங்குங்கள். வாய் குறுகிய கிளாஸில் 20 மி.லி. போதும். மூக்கை உள்ளே விடாமல், வாயை லேசாகத் திறந்து மோந்து பாருங்கள். முதல் மடக்கு நாக்கைப் பழக்க மட்டும். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். விறகடுப்புப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றால் புகை மறந்து குழம்பு வாசனை தெரியவரும் இல்லையா, இதுவும் அப்படித்தான். இரண்டாவது மடக்கில், அதே ஐலா தீவின் ஆர்ட்பெக் 10 என்றால் எலுமிச்சையும் உப்பும், லகவூலின் 16 என்றால் உலர்திராட்சையும் கடுந்தேநீரும் எனக்குக் கிடைக்கும். அதற்காகத்தான் நான் இதைக் குடிக்கிறேன். பிறகு சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். வீரியம் குறையும்போது குவையகால் மேற்பரப்புக்கு வருவதை 2017இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கணினி மாதிரியில் காட்டினார்கள். ஐஸ் வாசனையை அமுக்கிவிடும்.

கேள்வி: தண்ணி விட்டதும் ஆர்ட்பெக் கலங்கிப்போச்சு சார். கெட்டுப்போச்சா?

பதில்: இல்லை. 46 சதவீத ஆல்கஹாலில், குளிர்வித்து வடிகட்டாமல் அடைக்கிறார்கள். அதில் தங்கும் கொழுப்பு எஸ்டர்கள்தான் கலங்கலாகத் தெரிகின்றன. தாராளமாகக் குடிக்கலாம்.

கேள்வி: பிபிஎம் கூடினா புகையும் கூடுமா?

பதில்: பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு ஃபீனால் என்ற கணக்கு. அந்த எண் பெரும்பாலும் பார்லிக்கு உரியது. காய்ச்சி வடிப்பதிலும் பீப்பாயில் கிடக்கும் ஆண்டுகளிலும் நிறையப் போய்விடும். லகவூலினுக்கும், இன்னொரு ஐலா விஸ்கியான கல் ஈலாவுக்கும் மால்ட்டில் (முளைகட்டி உலர்த்திய பார்லி) புகை ஏறக்குறைய ஒரே அளவு, சுமார் 35 பிபிஎம். இரண்டுக்கும் அந்த மால்ட் ஒரே போர்ட் எலன் ஆலையிலிருந்துதான் வருகிறது. ஆனாலும் முன்னது கனம், பின்னது லேசு. காய்ச்சி வடிக்கும் பாத்திரமும் வடிக்கும் விதமும் செய்யும் வேலை அது. எண்ணைப் பார்த்து பாட்டில் வாங்காதீர்கள்.

கேள்வி: எனக்குப் புகையே புதுசு. இந்தியச் சரக்குல எதுல தொடங்கலாம்?

பதில்: பெங்களூரு அம்ருத் ஃப்யூஷன். இந்திய பார்லியோடு ஸ்காட்லாந்தின் பீட் பார்லியும் சேர்ந்தது, புகை மிதம். 50 சதவீதம் என்பதால் தண்ணீர் கட்டாயம். பிடித்தால் அடுத்து அவர்களுடைய அம்ருத் பீட்டட் விஸ்கி.