வாசிப்பு நோட்டில் பிள்ளைகளைச் சொந்தமாக யோசித்து எழுத வைப்பது எப்படி?

அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். வாசிப்பு நோட்டு போடச் சொன்னால் பிள்ளைகள் கதையையே திருப்பி எழுதுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். என் வகுப்பிலும் முதல் இரண்டு மாதம் அதுதான் நடந்தது. கதைச் சுருக்கம், கடைசியில் ஒரு நீதி, நாற்பது நோட்டிலும் அதே நீதி. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன், ஒன்றாம் வகுப்பிலிருந்து வினா விடை எழுதிப் பழகிய கை அது, சரியான விடை எங்கேயோ இருக்கிறது, அதைத் தேடி எடுத்து எழுதினால் போதும் என்றுதான் நினைக்கும்.

அப்புறம் நீதி எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டேன். படிக்கும்போது எந்த வரியில் மனசு நின்றதோ அதை இடது பக்கம், ஏன் நின்றது என்பதை வலது பக்கம். சும்மா சொன்னால் புரியாது. பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் இதழான தேன்சிட்டில் ஒரு கதையை வாசித்துக்கொண்டே, நான் நின்ற இடத்தைக் கரும்பலகையில் எழுதி, அடித்து, மறுபடி எழுதிக் காட்டினேன். டீச்சரே அடித்து எழுதுகிறார் என்று பார்த்த பிறகுதான் பலருக்குப் பேனா நகர்ந்தது.

இந்த நோட்டில் சிவப்பு மையைத் தொடவே மாட்டேன். பிழை திருத்தக் கட்டுரை நோட்டு இருக்கிறது. பாட்டி வடை சுட்ட கதைக்கு ஒரு பிள்ளை இப்படி எழுதியிருந்தாள்: "பாட்டிக்கு ஒரு வடை போச்சி. எங்க ஆத்தா இட்லி விக்கும். ரெண்டு இட்லி கீள விளுந்தா அன்னைக்கி லாபமே போச்சின்னு சொல்லும். பாட்டிய பத்தி ஏன் யாரும் பேசல." கீழ, விழுந்தா இரண்டிலும் ழகரம் தப்பு. அதைச் சுழித்திருந்தால் அவள் அடுத்த வாரம் நீதிக்கே திரும்பியிருப்பாள். "அந்தப் பாட்டி அன்னைக்கு வீட்டுக்குப் போய் என்ன சொல்லியிருப்பாங்க?" என்று மட்டும் கீழே எழுதிக் கொடுத்தேன், ஒன்றரைப் பக்கம் வந்தது.

தினமும் பத்து நோட்டு, நோட்டுக்கு ஒரு கேள்வி மட்டும், நான்கு நாளில் வகுப்பே முடிந்துவிடும். சரளமாகப் படிக்க வராத பிள்ளைக்கு பள்ளிக்கு வந்த வாசிப்பு இயக்கப் புத்தகங்களில் மிக எளிய நிலையான 'நுழை' கொடுங்கள், கடைசி நிலையான 'பற' வரைக்கும் போக அவசரமே இல்லை. அந்தச் சின்னப் புத்தகத்துக்கு அவன் எழுதுகிற இரண்டு வரிக்கும் மற்றவர்களுக்குக் கேட்பதைப் போலவே கேள்வி எழுதிக் கொடுங்கள்.